ஜூன் கடைசியில் ஆர்வியில் குகை பார்க்கப் போகலாமா?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அமெரிக்காவின் பீனிக்ஸில் இருக்கிறீர்கள். மதுரையிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். ஜூன் கடைசி வாரத்தில் 25 அடி ஆர்வி (படுக்கை, சமையலறையோடு வீடுபோல இருக்கும் வண்டி) ஒன்றை முதல்முறையாக வாடகைக்கு எடுத்து, ஆறு நாளில் அரிசோனாவின் கார்ட்ச்னர் குகையையும் நியூ மெக்சிகோவின் கார்ல்ஸ்பாட் குகையையும் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு, இன்சுலின் போடுகிறார். பிள்ளைகளுக்கு ஒன்பது வயதும் ஐந்து வயதும். "குகைக்குள் மூச்சு முட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கூடவே எழுதியதையெல்லாம் சேர்த்துப் படித்தால், வயதான இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய் எங்காவது மாட்டிக்கொள்வோமோ என்ற பயம்தான் தெரிகிறது. பயம் நியாயமானதுதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது. குகைக்குள் நீங்கள் மாட்டிக்கொள்ள வாய்ப்பு மிகக் குறைவு. மேலே, வெயிலிலும் ரோட்டிலும், நிறைய வாய்ப்பு உண்டு.

நான் படித்தது நிலத்தடி நீரியல், வேலை பார்த்தது தெற்கு அரிசோனாவில். பதினோரு வருடமாக ஒரு பழைய கிளாஸ் சி (நடுத்தர அளவு) ஆர்வி வைத்து ஓட்டுகிறேன். பாறை, தண்ணீர், வண்டி பற்றி நான் சொல்வதை நம்பலாம். உடம்பு பற்றிச் சொல்வதை மருத்துவரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூச்சு விஷயம். கார்ல்ஸ்பாடில் மக்கள் நடக்கும் 'பிக் ரூம்' என்பது அறை என்று சொல்லக்கூடிய அளவு இல்லை. நீளம் மட்டும் ஏறத்தாழ 4,000 அடி, உயரம் சில இடங்களில் 255 அடி, பரப்பு 8 ஏக்கருக்கு மேல். தலையில் இடிக்குமோ என்று குனிய வேண்டிய இடமே அரிது. அடைபட்ட இடத்தில் பதற்றம் வருபவர்கள்கூட அங்கே சாதாரணமாக நடந்து வருவதைப் பார்த்திருக்கிறேன். கார்ட்ச்னர் அதைவிடச் சிறியது. அங்கே கனமான கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடித் திறக்கும், ஈரப்பதம் 99 சதவீதத்தைத் தொடும், சூடு 21, 22 டிகிரி. அது மூச்சு முட்டல் இல்லை, புழுக்கம். மதுரைக்காரர்களுக்கு அது புதிதாக இருக்காது. கார்ல்ஸ்பாட் நேர் எதிர். வருடம் முழுக்க 13 டிகிரிதான். வெளியே 38 டிகிரியில் நின்றுவிட்டு லிஃப்டில் இறங்கிய ஒரு நிமிடத்தில் 13. அப்பா அம்மாவுக்கு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு மஃப்ளரும் கட்டாயம். வெளியே கொதிக்கிறதே என்று அவற்றை வண்டியிலேயே விட்டுவிட்டு வருகிறவர்கள்தான் அதிகம்.

அம்மாவின் முழங்கால். பழனியில் வின்ச்சில் ஏறிவிட்டுப் படியில் இறங்கியபோதுதான் வலி வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரி எனக்குப் போதும். கார்ல்ஸ்பாடில் இயற்கை வாசல் வழியாக நடந்து இறங்கும் பாதை ஒன்று இருக்கிறது. ஒன்றேகால் மைல் தூரம், 750 அடி இறக்கம், வளைந்து வளைந்து, ஈரமாக. அம்மா அதில் போக வேண்டாம். லிஃப்ட் அதே 750 அடியை ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். நீங்களும் பெரியவனும் நடந்து இறங்குங்கள், மற்றவர்கள் லிஃப்டில் வரட்டும், கீழே ஓய்விடத்தில் சந்தித்துக்கொள்ளலாம். அங்கிருந்து பிக் ரூமைச் சுற்றும் பாதை இன்னொரு ஒன்றேகால் மைல், பெரும்பாலும் சமதளம். நடுவில் ஒரு குறுக்குவழி இருக்கிறது, அதில் போனால் தூரம் பாதியாகிவிடும். பாதையின் ஒரு பகுதியில் சக்கர நாற்காலியே போகும். ஆனால் லிஃப்டைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 2015 கடைசியில் அது பழுதாகி மாதக்கணக்கில் நின்றது. அந்த நாட்களில் நடந்து இறங்கி நடந்தே ஏற முடிந்தவர்கள்தான் குகையைப் பார்த்தார்கள். கிளம்பும் முன்பும் அன்று காலையிலும் பூங்காவின் தளத்தைப் பார்த்துவிடுங்கள்.

கார்ல்ஸ்பாடில் நீங்களாக நடக்கலாம், வேண்டாமென்றால் திரும்பிவிடலாம், லிஃப்டுக்குப் பக்கத்திலேயே கீழே கழிப்பறை உண்டு. கார்ட்ச்னரில் அப்படி இல்லை. வழிகாட்டியோடு குழுவாகப் போய்க் குழுவாகத்தான் வர வேண்டும். மொத்தம் ஒன்றரை மணி நேரம், உள்ளே கழிப்பறை கிடையாது. இதை ஏன் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்கிறேன் என்றால், ரத்த அழுத்தத்துக்கு நிறையப் பேர் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறார்கள், அதைப் பற்றி மகளிடம் வாய் திறப்பதில்லை. அப்பாவின் மாத்திரை அந்த வகையா என்று பார்த்து, அன்றைக்கு நேரத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரை குறைந்தால் சாப்பிட மிட்டாய் கொண்டுபோவது பற்றி இரண்டு இடத்திலும் கவுண்டரிலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். கார்ல்ஸ்பாட் பாதையில் வெறும் தண்ணீர் மட்டும்தான் அனுமதி. கார்ட்ச்னரில் பை, கேமரா, கைபேசி எதுவுமே உள்ளே போகாது.

சாப்பாட்டு விதி வெறும் கெடுபிடி இல்லை. 2024இல் யாரோ ஒருவர் கார்ல்ஸ்பாடில் ஒரு பாக்கெட் சீட்டோஸ் நொறுக்குத்தீனியைக் கொட்டிவிட்டார். ஈரத்தில் அது ஊறி, பூஞ்சை முளைத்து, குகையில் வாழும் பூச்சிகளெல்லாம் அங்கே கூடிவிட்டன. பூங்கா ஊழியர்கள் உட்கார்ந்து பொறுக்கி எடுத்துவிட்டு அதைப் பற்றி ஊருக்கே எழுதினார்கள். வெளிச்சமே இல்லாத இடத்தில் வாழும் உயிர்களுக்கு அந்த ஒரு பாக்கெட் பெரும் படையல். எனவே புளிசாதம் வண்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டு குகையும் பார்ப்பது வீணா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டும் சுண்ணாம்புப் பாறையில் உண்டானவைதான், ஆனால் உண்டான விதம் வேறு. பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது இது: மழைநீர் மண்ணிலுள்ள கார்பன் டை ஆக்சைடை எடுத்துக்கொண்டு லேசான அமிலமாகி, மேலிருந்து கீழே சுண்ணாம்பைக் கரைக்கிறது. உலகின் பெரும்பாலான குகைகளுக்கு அது சரி. கார்ல்ஸ்பாட் அந்தக் கணக்கில் வராது. அந்த மலை ஏறத்தாழ 26 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலோரத்தில் கடல் உயிர்கள் கட்டி வளர்த்த பாறைத் திட்டு. பக்கத்துப் படுகையில் எண்ணெயும் எரிவாயுவும் இருக்கின்றன, இன்றைக்கும் அங்கே துளைபோட்டு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கிருந்து அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மேலேறி வந்து, ஆக்சிஜன் கலந்த நிலத்தடி நீரைச் சந்தித்துக் கந்தக அமிலமாகி, பாறையைக் கீழிருந்து தின்றது. அதனால்தான் அவ்வளவு பெரிய கூடங்கள். அதனால்தான் அவற்றை உண்டாக்கிய ஆறு ஒன்றும் அங்கே கண்ணில் படாது. கந்தக அமிலம் சுண்ணாம்பைத் தின்றால் மிஞ்சுவது ஜிப்சம். பிக் ரூம் பாதையோரமே வெள்ளை வெளேரென்று ஜிப்சம் பாளங்கள் கிடக்கும், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். இந்த வேதியியலில் இன்று பெரிய சந்தேகம் யாருக்கும் இல்லை. அந்த அமில வேலையின்போதே படிந்த அலுனைட் என்ற கனிமத்தை வைத்து வயதும் கணக்கிட்டிருக்கிறார்கள். கார்ல்ஸ்பாட் உருவானது 40 முதல் 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அதே மலையில் உயரத்திலிருக்கும் குகைகள் இன்னும் மூத்தவை.

சந்தேகத்தோடு கேட்க வேண்டியது வேறொன்று. "இந்தக் கல்விழுது ஒரு அங்குலம் வளர நூறு வருடம்" என்று யாராவது சொல்வார்கள், ஒன்பது வயதுக்காரன் அதைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வயது கணக்குப் போடுவான். அப்படி ஒரே வேகம் எதுவும் கிடையாது. சொட்டும் வேகம், தண்ணீரில் எவ்வளவு சுண்ணாம்பு, மேலே எவ்வளவு மழை, குகையில் காற்றோட்டம் என்று எல்லாம் சேர்ந்து தீர்மானிக்கும். ஒரே குகையில் ஒன்று வளரும், பக்கத்தில் இருப்பது ஆயிரக்கணக்கான வருடமாகக் காய்ந்து நிற்கும். கார்ல்ஸ்பாடில் நீங்கள் பார்க்கப்போகும் அலங்காரத்தில் பெரும்பகுதி இப்படிக் காய்ந்ததுதான், இந்தப் பிரதேசம் இன்றைவிட ஈரமாக இருந்த காலத்தில் வளர்ந்தது.

கார்ட்ச்னர் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கிறது. 1974இல் ராண்டி டஃப்ட்ஸ், கேரி டெனன் என்ற இரண்டு இளைஞர்கள் ஒரு குழியிலிருந்து ஈரக்காற்று வருவதை வைத்துக் கண்டுபிடித்து, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்தார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரரான கார்ட்ச்னர் குடும்பத்திடமே 1978இல்தான் சொன்னார்கள். அரசாங்கம் 1988இல் வாங்கியது, மக்களுக்குத் திறந்தது 1999இல். இத்தனை வருடம் பொத்திவைத்ததால்தான் அது இன்றும் ஈரமாக இருக்கிறது. கதவுகள், உள்ளே போகும் முன் மேலே தெளிக்கும் பனிப்புகை எல்லாம் நம் உடையின் பஞ்சும் பாலைவனத்தின் வறண்ட காற்றும் உள்ளே போகாமலிருக்கத்தான். தெரியாமல் கை பட்டுவிட்டால் வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள். அடையாளம் வைத்து அந்த இடத்தைக் கழுவிவிடுவார்கள். ஒன்று மட்டும்: அங்கேயும் 'பிக் ரூம்' என்ற பெயரில் ஒரு பகுதி இருக்கிறது, ஏப்ரல் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அதை மூடிவிடுவார்கள். வௌவால்கள் குட்டி போட்டு வளர்க்கும் காலம். ஜூனில் உங்களுக்குக் கிடைப்பது ரோட்டுண்டா, த்ரோன் என்ற இரு கூடங்கள். 58 அடி உயரக் 'குப்ளா கான்' தூண் அதில்தான் இருக்கிறது. நீங்கள் இழப்பது அதிகமில்லை.

பெரிதா ஈரமா என்று கேட்டால் நான் ஈரத்தைத்தான் சொல்வேன், என் தொழில் அப்படி. உங்கள் பிள்ளைகள் கார்ல்ஸ்பாடைத்தான் சொல்வார்கள். ஆகவே இரண்டையும் பாருங்கள், ஆனால் ஆளுக்கு இரண்டு ஜோடிச் செருப்போடு. இது வேடிக்கை இல்லை. வௌவால்களைக் கொல்லும் 'வெள்ளை மூக்கு' நோய் 2006இல் நியூயார்க்கில் முதலில் தென்பட்டு, நாடு முழுக்கப் பரவியது. காரணம் ஒரு பூஞ்சை. மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் மனிதரின் காலணியிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டு பயணம் செய்யும். வேறு குகைக்குள் போட்டுப்போன காலணி, உடை, பை எதையும் கொண்டுவராதீர்கள் என்றுதான் கார்ல்ஸ்பாடில் சொல்வார்கள். ஒரே வாரத்தில் இரண்டு குகை பார்க்கும் நீங்கள் அந்த விதிக்கு நேராக உள்ளாகிறீர்கள். கார்ட்ச்னருக்குப் போட்டதைத் தனியாக ஒரு பையில் கட்டி வைத்துவிட்டு, கார்ல்ஸ்பாடுக்கு வேறு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது ஜோடியும் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக இருக்கட்டும்.

இனி மேலே உள்ள ஆபத்துக்கு வருகிறேன். ஜூன் கடைசி, பருவமழை இறங்குவதற்குச் சற்று முன், தெற்கு அரிசோனாவில் வருடத்திலேயே மிகக் கடுமையான வெயில். ஆர்வியின் கூரை ஏசி பொதுவாக வெளியே உள்ளதைவிட 10, 11 டிகிரிதான் குறைத்துக் கொடுக்கும். 43 டிகிரியில் நிறுத்தினால் உள்ளே 32. ஏசியையும் நிறுத்திவிட்டுப் போனால் அது அடுப்புதான். குகை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் கீழே போகப்போகிறீர்கள், அங்கே மின் இணைப்பு கிடையாது. அப்பாவின் இன்சுலினை அதற்குள் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும் வகையானால் மின்சாரம் இல்லாமலும் குளிர்த்தும், ஆனால் வண்டி சாய்ந்து நின்றால் சரியாக வேலை செய்யாது, இந்தச் சூட்டில் தடுமாறவும் செய்யும். சிறிய குளிர்ப் பை ஒன்றில் போட்டுக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்ச்னரில் பைக்கு அனுமதி இல்லாததால், என்ன செய்யலாம் என்று முன்பதிவு செய்யும்போதே போனில் கேட்டுவிடுங்கள்.

இரவு தங்கும் இடம் எதுவானாலும் மின் இணைப்பு உள்ளதாக இருக்கட்டும். கார்ட்ச்னர் பூங்காவுக்குள்ளேயே தண்ணீர், மின்சாரத்தோடு ஆர்வி இடம் உண்டு. அது 4,000 அடிக்கு மேல், பீனிக்ஸைவிட வெயில் கொஞ்சம் குறைவு. கார்ல்ஸ்பாட் பூங்காவுக்குள் ஆர்வியில் தங்க இடமே இல்லை. வாசலில் வைட்ஸ் சிட்டி என்ற சிற்றூர் இருக்கிறது, அங்கிருந்து ஏழு மைல் ஏறினால் குகை. அந்தத் தார்ச்சாலையில் உங்கள் வண்டி தாராளமாகப் போகும். பக்கத்தில் பிரியும் மண் ரோட்டுச் சுற்றுப்பாதையில் மட்டும் நுழையாதீர்கள். அந்த வட்டாரம் முழுக்க எண்ணெய்க் கிணற்றுத் தொழிலாளர்கள் ஆர்வி இடங்களை மாதக்கணக்கில் பிடித்திருப்பார்கள், ஆகவே இப்போதே பதிவு செய்யுங்கள். குவாடலூப் மலைப் பூங்காவின் பைன் ஸ்பிரிங்ஸ் அழகானது, மலிவானது, ஆனால் அந்தத் தங்குமிடத்தில் மின் இணைப்பு இல்லை. பெற்றோரோடு ஜூனில் வேண்டாம். அப்புறம், உங்கள் வண்டி 30 ஆம்ப் மின்சாரம் மட்டுமே இழுக்கும் வகையாகத்தான் இருக்கும். ஏசி ஒன்றே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். கூடவே இண்டக்‌ஷன் அடுப்பும் மைக்ரோவேவும் போட்டால் பிரேக்கர் விழும். அம்மா சமைக்கும் நேரம் கேஸ் அடுப்பையே பயன்படுத்தட்டும், ஜன்னலைத் திறந்து வைத்து.

பாதை ஒருவழி ஏறத்தாழ 575 மைல். முதல் நாள் பென்சன் பக்கம் கார்ட்ச்னர், மறுநாள் காலை குகை பார்த்துவிட்டு டெமிங் வரை, மூன்றாம் நாள் எல் பாசோ வழியாக வைட்ஸ் சிட்டி, நான்காம் நாள் முழுக்கக் கார்ல்ஸ்பாட், மீதி இரண்டு நாள் திரும்ப. நெருக்கம்தான், ஆனால் முடியும். லார்ட்ஸ்பர்க் பக்கம் காய்ந்த ஏரிப்படுகையில் திடீரென்று புழுதிப்புயல் எழும். அதில் சிக்கினால் ரோட்டை விட்டு முழுவதுமாக விலகி நின்று, எல்லா விளக்குகளையும் அணைத்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். பின்னால் வருபவர் உங்கள் சிவப்பு விளக்கைப் பார்த்து, அதுதான் ரோடு என்று நினைத்து வந்து மோதுவார் என்பதால்தான். எல் பாசோவின் கிழக்கு எல்லையில் டேங்கை நிரப்புங்கள். அதற்குப் பிறகு வைட்ஸ் சிட்டி வரை நம்பக்கூடிய பெட்ரோல் பங்க் இல்லை. ஜெனரேட்டரும் அதே டேங்கிலிருந்துதான் குடிக்கும், கால் டேங்குக்குக் கீழே போனால் தானாக நின்றுவிடும். குவாடலூப் கணவாயில் காற்று மோசம், உயரமான வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். நான் ஒரு ஏப்ரலில் அங்கே வெயிலுக்காக நிழல்துணியை விரித்துவிட்டு டீ போட உள்ளே போனேன், திரும்பி வருவதற்குள் அது கூரை மேல் கிடந்தது. 900 டாலர் டீ. திரும்பும்போது வைட் சாண்ட்ஸ் என்ற வெண்மணல் மேடுகளைப் பார்க்க ஆசைப்பட்டு, மேப் காட்டும் கிளவுட்கிராஃப்ட் வழியில் போய்விடாதீர்கள். 8,600 அடியிலிருந்து பதினாறே மைலில் 4,300 அடி இறக்கம், முதல்முறை ஆர்வி ஓட்டுபவருக்கு அது வேண்டாத பாடம்.

இரண்டு சின்ன விஷயங்கள். அரிசோனாவில் கோடைகால நேர மாற்றம் கிடையாது, நியூ மெக்சிகோவில் உண்டு. எல்லை தாண்டியதும் ஒரு மணி நேரம் போய்விடும். கார்ல்ஸ்பாடுக்கு நேரம் குறித்த முன்பதிவு வேண்டும், அதை அந்த ஊர் மணிப்படி வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னலை நம்ப முடியாது, சீட்டை முன்பே தரவிறக்கி வையுங்கள். இன்னொன்று, இந்தச் சாலைகளில் எல்லைக் காவல் படையின் சோதனைச் சாவடிகள் உண்டு. பெற்றோரின் அசல் பாஸ்போர்ட்டும் ஐ-94 (அமெரிக்காவுக்குள் நுழைந்த பதிவு) அச்சுப்பிரதியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டிக்குள் வேண்டாம்.

கடைசியாக, மாலையில் கார்ல்ஸ்பாட் குகையிலிருந்து வௌவால்கள் கிளம்புவதைப் படம் எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முடியாது, கைபேசியை அங்கே எடுக்கவே கூடாது, அந்த ஒலியும் வெளிச்சமும் அவற்றைக் குழப்பும் என்பதால். குட்டிகள் ஜூனில்தான் பிறக்கும், அவையும் பறக்கத் தொடங்கும் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் கூட்டம் இன்னும் பெரிதாக இருக்கும். ஆனாலும் ஜூனில் ஏமாற்றம் இருக்காது. குகை வாயிலிலிருந்து கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழன்று சுழன்று மேலேறி, புகைபோலத் தெற்கே நீளும். சூரியன் மறைவதற்கு முன்பே போய்விடுங்கள், கட்டணம் இல்லை. உட்காருவது கல் படிக்கட்டில், அதனால் அம்மாவுக்கு மடித்த போர்வை ஒன்று, முழங்காலை நீட்டிக்கொள்ள ஓரத்து இடம்.